நூலிலே ஒரு பூசணி

இலையுதிர்காலம் என்றொரு பருவத்தையே அறியாத, பெரும்போக மழையும் கோடையும் மாறிமாறி ஆளும் மாத்தளை நாலந்தாவிலே வாழ்கின்றவர்களுக்கு, மேல்நாட்டார் அக்டோபர் மாதத்தில் மேசையலங்காரமாகக் குரோஷே ஊசியால் பின்னுகின்ற பூசணி அந்நியமாகவே தோன்றக்கூடும். ஆயினும் அதன் நிர்மாண நுட்பம் எவர் மனத்தையும் வசீகரிக்க வல்லது. நீள்சதுரமாகப் பின்னிய துண்டின் ஓரங்களை இணைத்துக் குழலாக்கி, ஒருமுனையைச் சுருக்கிப் பஞ்சடைத்து, மறுமுனையையும் இழுத்து மூடியபின், நடுவே ஊசியைச் செலுத்தி நூலை வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றி இறுக்குகின்ற அந்தக் கணத்திலேதான், வெறும் உருண்டையாயிருந்தது பள்ளமும் புடைப்புமாய்ப் பூசணியின் ஸ்வரூபத்தைப் பெறுகிறது. கண்ணியின் பின்னிழையை மட்டும் எடுத்துப் பின்னினால் எழும் மெல்லிய வரிகள் அதற்குத் தனி லாவண்யம். கம்பளிக்குப் பதில் பருத்திநூலும், உள்ளே இலவம்பஞ்சும், காம்பாக வாசனைத் திரவியத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற இம்மாத்தளை மண்ணின் கறுவாப்பட்டையும் அமைந்துவிட்டால், அதை நம்முடையதென்றே நான் சொல்வேன்.