காத்திருக்க முடிந்த உடல்

சுஜோய் குஹாவைப் பற்றி வரும் செய்திக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன: ஒரு தனி மனிதர், ஆண்களுக்கான ஒரு கருத்தடை ஊசி, நாற்பது ஆண்டுக் காத்திருப்பு, அசைந்து கொடுக்காத அரசு இயந்திரம். அதில் பொய்யில்லை. ஆனால் அதே நாற்பது ஆண்டுகளில் பெண்களுக்கு என்ன நடந்தது என்று அந்தக் கதை கேட்பதே இல்லை.

குஹா பொறியாளர். டில்லி ஐ.ஐ.டி.யிலும் பிறகு கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும் பணியாற்றியவர். குடிநீர்க் குழாயின் உட்புறம் பூசினால் கிருமிகளைக் கொல்லும் ஒரு பாலிமரிலிருந்து அவரது யோசனை பிறந்தது. அதையே விந்துக்குழாயில் செலுத்தினால் என்ன? வெட்ட வேண்டாம், கட்ட வேண்டாம். உட்சுவரில் படியும் மருந்து, கடந்து செல்லும் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்யும். பிறகு குழந்தை வேண்டுமென்றால் மருந்தைக் கரைத்து வெளியேற்றலாம் என்பது எதிர்பார்ப்பு. விலங்குகளில் அது நடந்திருக்கிறது. 'ரிசக்' என்று பெயரிடப்பட்ட இந்த முறை பற்றிய ஆரம்பக் கட்டுரை 1979இல் வெளிவந்தது.

கத்திக்குப் பயப்படும் ஆண், 'தெம்பு போய்விடும்' என்று தயங்கும் ஆண், நாளை மனம் மாறக்கூடிய ஆண் என எல்லோருடைய அச்சத்துக்கும் இந்த வடிவமைப்பில் இடம் இருக்கிறது. குஹாவின் பணியில் நான் மதிப்பது இதைத்தான். என்னை உறுத்துவதும் இதுதான். பெண்ணின் அச்சத்தைக் கேட்டு யார் திட்டம் வகுத்தார்கள்?

2002இல், பங்கேற்ற ஆண்களின் விதைப்பையில் வீக்கமும் சிறுநீரில் அல்புமினும் காணப்பட்டதால் மூன்றாம் கட்டச் சோதனை நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கி, 303 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. கர்ப்பத்தைத் தடுப்பதில் 99 சதவீத வெற்றி. இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஊசி போடப்படுவது ஆணுக்கு. அது தோற்றால் தெரியவருவது அவன் மனைவியின் வயிற்றில். ஆணுக்கு வரும் பக்கவிளைவை அவன் உடலை மட்டும் வைத்து எடைபோட்டால் சிறு வீக்கமும் பெரிதாகத்தான் தெரியும். தராசின் மறுதட்டில் இருக்கும் கர்ப்பம் அவனுடையது அல்லவே.

இப்போது அதே ஆண்டுகளின் மறுபக்கம். 1985இல் ஆந்திரத்தின் பட்டன்செருவில், நெட்-என் என்ற ஹார்மோன் ஊசி சோதனைக்குரியது என்று சொல்லாமலே பெண்களுக்குப் போடவிருந்ததை ஸ்திரீ சக்தி சங்கடனா தோழிகள் கண்டுபிடித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 நவம்பரில் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், ஒரே மருத்துவர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். 10க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம்.

ஆணுடல் எப்போதும் இப்படிப் பாதுகாக்கப்பட்டதா? இல்லை. நெருக்கடி நிலையின்போது, 1976–77இல் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. வற்புறுத்தலுக்கு அதிகம் ஆளானவர்கள் ஏழைகள், தலித்துகள், முஸ்லிம்கள். அதற்கு எழுந்த கோபம் தேர்தலில் வெளிப்பட்டது. அரசு கற்றுக்கொண்டது வற்புறுத்தக் கூடாது என்பதையல்ல, ஆணைத் தொடக் கூடாது என்பதை. இலக்கு எண்கள் பெண்கள் பக்கம் திரும்பின. இரண்டாவது பிரசவத்தோடு 'ஆபரேஷனையும் முடித்துவிடலாம்' என்று பேறுகால வார்டில் கேட்கும் குரலுக்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

ஆகவே 'ஆண்களும் கொஞ்சம் கஷ்டப்படட்டும்' என்பது என் வாதமல்ல. 2002இல் சோதனையை நிறுத்தியவர்கள் தவறு செய்ததாகவும் நான் நினைக்கவில்லை. சந்தேகம் வந்தால் நிறுத்து, விளக்கிச் சொல், ஆண்டுக்கணக்கில் கவனி என்பதுதான் அறிவியலின் ஒழுங்கு. அந்த ஒழுங்கு நடைமுறைக்குத் தெரிந்தே இருந்தது. பட்டன்செருவிலும் பிலாஸ்பூரிலும் அது ஏன் நினைவுக்கு வரவில்லை? குஹாவின் வாழ்க்கை வரலாற்றை யாராவது முழுமையாக எழுதினால், இந்தக் கேள்விக்கும் அதில் ஓர் அத்தியாயம் வேண்டும்.