பெளகொளச் சாஸனமும் பரமத நிராஸமும்

சக வருஷம் 1290, அதாவது கி.பி. 1368இல், விஜயநகர அரசன் முதலாம் புக்கராயன் காலத்தில் சிரவணபெளகொளத்தில் பொறிக்கப்பட்ட கன்னடச் சாஸனம் ஒன்று உண்டு. மத நல்லிணக்கத்தின் சான்றாக அதனைப் போற்றுவோர் உளர். வெறும் ராஜதந்திரம் என்று ஒதுக்குவோரும் உளர். சாஸனத்தின் தொடக்கத் துதியும் அதன்பின் வரும் விதிகளும் ஒருங்கே நிற்கும் வகை இவ்விரு நோக்காலும் விளங்குவதில்லை.

சாஸனம் எம்பெருமானாரைப் போற்றும் ச்லோகத்தோடு தொடங்குகிறது. புறமதங்களைக் கடலாகவும் அவரை அதில் மூண்ட வடவைத் தீயாகவும் உருவகிக்கும் துதி அது. அதனை அடுத்து, பக்தர்கள் இழைத்த அநியாயங்களை ஜைனர் அரசனிடம் விண்ணப்பித்த செய்தி வருகிறது. கோயில், திருமலை, பெருமாள்கோயில், திருநாராயணபுரம் முதலிய ஸ்தலங்களின் ஆசார்யர்கள் உள்ளிட்ட வைஷ்ணவர்களின் கையில் புக்கராயன் ஜைனரின் கையைப் பிடித்து வைத்தான். ஜைன தர்சனத்துக்கு முன்போலவே பஞ்சமஹாவாத்யமும் கலசமும் உரியன என்றும், அதற்கு நேரும் ஹானியையும் வ்ருத்தியையும் வைஷ்ணவர்கள் தமக்கு நேர்ந்தனவாகவே கொள்ளவேண்டும் என்றும் விதித்தான். திருமலைத் தாத்தய்யர் ஜைனரிடம் வீடுதோறும் ஆண்டுக்கு ஒரு ஹணம் பெற்று, பெளகொளத் தேவருக்கு 20 மெய்காவலரை நியமித்து, எஞ்சிய பொருளால் ஜினாலயங்களைப் புதுப்பிக்கவும் ஏற்பாடாயிற்று.

துதியும் விதியும் முரண்படுகின்றனவோ எனின், இல்லை. ஸ்ரீபாஷ்யம் இரண்டாம் அத்யாயம் இரண்டாம் பாதத்தில் ஆர்ஹத மதம் கண்டிக்கப்படுகிறது. ஆங்கு ஜீவன், அஜீவன் முதலிய பதார்த்தங்களும் ஸப்தபங்கியும் முதலில் எடுத்துரைக்கப்படுகின்றன. ஒரே பொருளில் உண்மையும் இன்மையும் ஒருங்கே பொருந்தா என்ற மறுப்பு அதன்பின்னரே வருகிறது. பூர்வபக்ஷத்தைக் குறைத்துரைத்தால் ஸித்தாந்தமும் குறைபடும். பிரதிவாதியின் வாயை அடைப்பவன் வாதத்தில் வெல்லும் வாய்ப்பையே இழக்கிறான். துதியில் எரிவது கொள்கை. விதியில் காக்கப்படுவோர் மனிதர்.

ஆயினும் இச்சாஸனத்தை மிகைபடப் புகழ்தல் தகாது. காவலுக்கான பொருளை ஜைனரே செலுத்தினர். காவலரை நியமிக்கும் அதிகாரமோ திருமலையாரிடம் இருந்தது. அநியாயம் பற்றிய முறையீடு எழுந்ததற்கும் சாஸனமே சாட்சி. அதனை மறைத்து உடன்பாட்டை மட்டும் கொண்டாடுவது மூலத்துக்கு நியாயம் செய்வதாகாது.

சிவனே பரம்பொருள் என்று கையொப்பமிடுமாறு சோழன் வற்புறுத்தியதையும், கூரத்தாழ்வான் மறுத்துத் திருக்கண்களை இழந்ததையும் குருபரம்பரை உரைக்கிறது. அரசபலத்தால் கொள்கையைத் திணிக்க முனைந்த அச்செயலை ஸம்ப்ரதாயம் இன்றளவும் கொடுமை என்றே பேசுகிறது. பலம் தம் பக்கம் இருந்தபோது பக்தர்கள் செய்தவற்றையும் அதே அளவுகோலால் அளப்பதே நேர்மை. ஆழ்வான் காட்டிய வழியும் அதற்கு மாறானதன்று: தமக்குக் கேடு விளையக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிட்டவேண்டும் என்றே அவர் பேரருளாளனிடம் வேண்டினார்.