மடை திறந்த கை: யோகி பி – நட்சத்திரா குழுவின் ராப் பாடல் ஒன்றைக் காவிரிப் படுகையிலிருந்து கேட்டல்

மலேசியத் தமிழ் ராப் குழுவான யோகி பி – நட்சத்திரா 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ என்னும் இசைத்தொகுப்பு, தமிழ் ராப்பின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாகக் கருதப்படுவது. ‘பொயட்டிக் அம்மோ’ குழுவின் வழியாக 1990-களிலேயே பன்மொழி ராப் பாடகராக அறியப்பட்டிருந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவருடன் கூடியபோது உருவான குழு இது. தொகுப்பு முழுவதையும் மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. அதிலுள்ள ‘மடை திறந்து’ என்னும் பாடலை மட்டும், அதன் தலைப்புச் சொல் இன்றும் உழவர் பேச்சில் வழங்கும் தஞ்சைப் பகுதியிலிருந்து கேட்டுப்பார்க்கலாம்.

பாடலின் பல்லவி இக்குழுவினருடையதன்று. பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ (1980) படத்திற்காக இளையராஜா இசையில் வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. இசையமைப்பாளனாகத் துடிக்கும் ஓர் இளைஞனின் கனவாகப் படத்தில் அது வருகிறது. வாலி வளர்ந்த திருவரங்கமோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. தங்குதடையற்ற பேச்சை ‘மடை திறந்த வெள்ளம்’ என்பது தமிழில் பழகிப்போன வழக்கு. ராப் பாடலைப் பற்றி எழுதுவோரும் அதே உவமையைத்தான் கையாளுகின்றனர். அது பொருந்துகிறதா என்பதே என் ஐயம்.

காவிரிப் படுகையில் மடை என்பது வெள்ளத்தின் பெயரன்று. ஆற்றிலும் வாய்க்காலிலும் இருப்பது மதகு. வயலுக்கு நீர்விட வரப்பில் வெட்டும் சிறு திறப்பே வாய்மடை, பேச்சு வழக்கில் வாமடை. ஒரு மண்வெட்டி மண் அதனை அடைக்கும், ஒரு வெட்டு திறக்கும். கரை மீறி வரும் நீருக்கு இங்கு வழங்கும் சொல் ‘உடைப்பு’. அதனை யாரும் நாவன்மைக்கு உவமையாக்குவதில்லை. மடையின் சிறப்பு அளவில் இருக்கிறது. முறை வைத்து நீர் பாயும் நாளில் தலைமடைக்காரர் கூடுதலாக ஒரு நாழிகை திறந்துவைத்தால் கடைமடையில் பயிர் காயும். மேட்டூர் அணை 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படாதபோது, குறுவையை இழந்த கடைமடைக்காரர்களிடம் ‘மடை திறந்த வெள்ளம்’ என்னும் தொடர் என்ன பொருள் தந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

மேலும் ஒன்று. இரவில் அரிக்கேன் விளக்குடன் சென்று மடையைத் திறந்த கை பண்ணையாளுடையது; திறக்கச் சொன்ன வாய் மிராசுதாருடையது. 1952-இன் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னும் இந்தப் பிரிவினை எளிதில் மறையவில்லை. சொல்பவனும் திறப்பவனும் ஒருவனே என்று அறிவிக்கும் குரல் இவ்விடத்தில்தான் கனம் பெறுகிறது. தன் பெயரைத் தானே கூறித் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்பது ராப்பின் அடிப்படை மரபு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970-களில் கறுப்பின, லத்தீன் இளைஞர்களிடையே அது தோன்றியதற்கும் இத்தகைய காரணங்கள் உண்டு. திருப்புகழின் வண்ணத்தையும் தஞ்சை நால்வர் வழிவந்த நட்டுவாங்கச் சொற்கட்டையும் காட்டி ‘ராப் நம்முடையதே’ என்று நிறுவும் கட்டுரைகள் பெருகிவிட்டன. ஒலிநெருக்கத்தில் ஒப்புமை உண்டு என்பது உண்மையே. ஒப்புமை வம்சாவளி ஆகாது.

யாப்பு நிலையில் நோக்கினால் சிக்கல் வேறு. தமிழ்ச் செய்யுள் பெரிதும் எதுகையாலும் மோனையாலும் இயங்குவது. ஒலி ஒப்புமை அடியின் தலைப்பகுதியில் விழும். ஆங்கில ராப்பில் அது பெரும்பாலும் வரியிறுதியில், தாளத்தின் நான்காம் தட்டை ஒட்டி விழுகிறது. தமிழில் இதற்கு இணை இயைபு. வினைமுற்றில் முடியும் மொழியில் இயைபு மிக மலிவாகக் கிடைக்கும். தன்னைப் பற்றியே பாடுபவனுக்கு ‘-ஏன்’ விகுதி ஒன்றே நூறு வரிக்குப் போதும். தமிழ் ராப்பில் பெரும்பகுதி இந்த மலிவில் வழுக்கி விழுந்திருக்கிறது. நட்சத்திரா குழுவினரும் முற்றிலும் தப்பவில்லை. தற்புகழ்ச்சிப் பகுதிகளில் விகுதிகளே பாடுகின்றன. ஆயினும் தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் அடுத்தடுத்து வருமிடங்களில் அந்த இயைபு முறிகிறது. காது வரியின் முடிவை முன்கூட்டி ஊகிக்க இயலாமல் விழித்துக்கொள்கிறது. மொழிக்கலப்பைக் குறையாகக் காணும் நம் துறையினர் இதனைச் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். மூவரும் முறைவைத்துப் பாடுவதும், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தாளம் தவறாமல் ஏற்பதும் வெள்ளத்தின் இயல்பன்று, முறைப்பாசனத்தின் இயல்பு. நல்ல ராப் மடையைத் திறப்பதைவிட, உரிய தட்டில் அதனை அடைப்பதில்தான் தேர்ச்சி காட்டுகிறது.

என் குறை வேறிடத்தில். மலாயாத் தோட்டங்களுக்கு ஆளெடுத்த மாவட்டங்களுள் தஞ்சாவூர் முதன்மையானவற்றுள் ஒன்று. கங்காணிகள் திரட்டிய கூலிகளுள் நிலமற்ற பண்ணையாட்கள் ஏராளம். அவர்கள் கப்பலேறிய துறைகளுள் ஒன்று நாகப்பட்டினம், அதாவது காவிரியின் கடைமடை. அங்கிருந்து பினாங்கு போன மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் நாட்டில் ஒரு குழு, அதே மடையின் பெயரில் பாடித் தமிழகத்துக்கே திருப்பி அனுப்பியது இப்பாடல். பாடியோரின் பூர்விக ஊரைத் தேடவேண்டியதில்லை. சொல்லின் பயணமே போதும். ஆனால் பாடல் அந்தப் பயணத்தை அறிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. பல்லவியைத் திரைப்பாடலின் நினைவாக மட்டுமே எடுத்தாளுகிறது. சொல்லின் அடியிலுள்ள ஈர மண்ணைத் தொடவில்லை. 2021-இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்விலிருந்து பாட்டைத் தொடங்கியபோது, இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பது தெரிந்தது. அவ்வாறு எழுத இன்னொரு பதினைந்து ஆண்டு தேவைப்பட்டது என்பதற்காக முன்னவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. தமிழில் ராப் இயலுமா என்னும் கேள்விக்கு விடைதேடும் பொறுப்பு அவர்கள்மேல் இருந்தது. ஆயினும் மூன்று குரல் முறைவைத்துப் பாடிய அப்பாடலில், நாகைத் துறைமுகத்துக்கு ஒரு வரி ஒதுக்க இடமிருந்தது.