7.6 சதவீதமும் என் பெருக்கல் கணக்கும்

ரத்தத்தில் கிருமி பரவி அப்பா இறந்து ஆறு வருஷம் ஆச்சு. காய்ச்சல்னு சொன்ன ராத்திரி பாராசிட்டமால் கொடுத்துத் தூங்க வைத்தேன். எட்டு மணி நேரம் கழித்து, விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. பிறகு இணையத்தில் படித்த ஒரு வரி மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது: ஆன்டிபயாடிக் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7.6 சதவீதம் குறையும். எட்டு பெருக்கல் 7.6, அதாவது 60.8. இந்தக் கணக்கை எத்தனை ராத்திரி போட்டேனோ!

போன மாசம்தான் மூல ஆய்வைப் படித்தேன். 2006ல் ஆனந்த் குமார் குழுவினர் வெளியிட்டது. கனடா, அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் 'செப்டிக் ஷாக்' நிலைக்குப் போனவர்களின் பழைய பதிவுகளை அலசியிருக்கிறார்கள். அந்த 7.6, ரத்த அழுத்தம் விழுந்த பிறகே சரியான மருந்து கிடைத்த 2,154 பேரிடம் பார்த்த சராசரி.

அதாவது, கடிகாரம் ஓடத் தொடங்குவது காய்ச்சலில் இல்லை, ரத்த அழுத்தம் விழும்போது. அதுவும் முதல் ஆறு மணி நேரத்துக்கான கணக்கு. சேர்க்கும்போது அப்பாவுக்கு பிரஷர் நார்மல். என் பெருக்கலே செல்லாது.

ஆய்விலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நோயின் தீவிரத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனா, அறிகுறி குழப்பமாக இருந்ததால் மருந்து தாமதமானதா, வேறு காரணமா என்பதெல்லாம் பழைய பதிவில் முழுசாக இருக்காது. லாக்கில் எழுதாத பிழையை லாக்கைப் பார்த்துப் பிடிக்க முடியாது. தாமதமும் சாவும் சேர்ந்து வருகின்றன என்பது உறுதி. ஒவ்வொரு மணியும் இத்தனை உயிரை எடுத்தது என்பது அதிகப்படி.

இணையத்து வரி விழுங்கிய சொல் இன்னொன்று: 'சரியான' மருந்து. அந்தக் கிருமிக்குக் கேட்கிற மருந்து. அப்பாவுக்கு முதல் மணியிலேயே ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தபோதுதான் அது அந்தக் கிருமியிடம் எடுபடாது என்று தெரிந்தது. இடையில் பிரஷர் விழுந்திருந்தது. ஆய்வின் கடிகாரம் உண்மையில் ஓடியது அப்போதுதான். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகப் பெருக, முதல் ஊசியே குறி தவறுவதும் கூடும். "சீக்கிரம்" என்று மட்டும் சொல்லி, தேவையில்லாத காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுத்தால் அதைத்தான் வளர்க்கிறோம்.

இதனால் எனக்கு விடுதலையா? இல்லைங்க. நடுக்கமும் குழப்பமான பேச்சும் இருந்த அந்த ராத்திரியே கிளம்பியிருக்கணும். அந்த வருத்தம் என்னுடையது. 60.8 மட்டும் என்னுடையதில்லை.