தாழ்ந்த குரல் பற்றி ஒரு திருத்தம்

சென்ற ஆண்டு ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதும்போது, அந்தக் கவிஞருடையது ‘ஏ. எம். ராஜா குரல்’ என்று எழுதிவிட்டேன். கவிதையில் திராணியில்லை என்பதை நாசூக்காகச் சொல்லிவிட்டதாக அப்போது ஒரு திருப்தி. நண்பர்கள் ரசிக்கவும் செய்தார்கள். அந்த வாக்கியம் தவறு. கவிஞர் விஷயத்தில் பாதித் தவறு. பாடகர் விஷயத்தில் முழுத் தவறு.

மென்மையான குரல் என்றால் பலவீனம் என்கிற எண்ணம் பழையது. கிட்டப்பா காலத்து நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடியவனே பாடகன். அங்கே உச்சஸ்தாயி அழகு மட்டுமல்ல, தேவையும்கூட. மைக் வந்ததும் தேவை போயிற்று. அதையொட்டிய மதிப்பீடு போகவில்லை. இது நம்முடைய கோளாறு மட்டுமல்ல. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள் மைக்கை ஒட்டி நின்று, பக்கத்திலிருப்பவரிடம் பேசுகிற அளவில் பாடத் தொடங்கியபோது, இந்த முறையை ஆண்மைக்கு இழுக்கு என்று 1932இல் பாஸ்டன் கார்டினல் ஓகானல் கண்டித்தார்.

‘பாவ மன்னிப்பு’ (1961) படத்தில் சிவாஜிக்கு டி. எம். சௌந்தரராஜன், ஜெமினிக்கு பி. பி. ஸ்ரீநிவாஸ். அது வீரனின் குரல், இது காதலனின் குரல் என்று நாம் பங்கு பிரித்துவிட்டோம். ஆனால் கன்னடத்தில் இதே ஸ்ரீநிவாஸ்தான் ராஜ்குமாருக்குப் பல ஆண்டுகள் பாடினார். புராண, சரித்திர நாயகர்களுக்கும் அந்தக் குரல் அங்கே போதுமானதாக இருந்தது. ஆகவே குறை குரலில் இல்லை, நம் காதில் இருக்கிறது.

என் காது எப்படிக் கெட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமத்துக் கல்யாணங்களில், தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்தான் நான் ராஜாவை அதிகம் கேட்டேன். அதில் அவர் குரல் தகரத்தில் உரசும் நூல்போலக் கேட்கும். மைக் கொடுத்ததைக் குழாய் பறித்துக்கொண்டுவிடும். வீட்டில் வேறு மாதிரி. அப்பா சுரங்கத்தில் இரண்டாம் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, நாங்கள் தூங்குகிறோம் என்று டேப் ரிக்கார்டரைத் தணித்து வைத்துக் கேட்பார். ஒருநாள் கூட்டி வைக்கச் சொன்னேன். “சத்தமா வெச்சா பாட்டு கெட்டுப் போயிடும்டா” என்றார். விமர்சனமாக அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

‘கல்யாணப் பரிசு’ (1959) ராஜாவே இசையமைத்த படம். அதில் சுசீலா சந்தோஷத்தில் பாடும் தீபாவளிப் பாட்டின் மெட்டையே பின்னால் ராஜா துக்கத்தில் பாடுகிறார். அழுகையை நடித்துக்காட்ட எத்தனையோ இடமுண்டு. அவர் எங்கும் குரலை உடைப்பதில்லை. சொல்லின் கடைசியை அழுத்தாமல் விட்டுவிடுகிறார். மிச்ச துக்கத்தைக் கேட்கிறவன்தான் பட வேண்டும். இதைப் பலவீனம் என்பதா, கட்டுப்பாடு என்பதா?

அதே 1959 ஜனவரியில்தான் செல்லப்பாவின் ‘எழுத்து’ முதல் இதழ் வந்தது. ஒன்றால் மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. சினிமாப் பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. ‘எழுத்து’வை வாசித்தவர்கள் சிலரே. ஆனால் மேடைத் தமிழ் ஓங்கி ஒலித்த காலத்தில், கூட்டத்தை விட்டுவிட்டு ஒற்றை மனிதனை நோக்கிப் பேசுவது இரண்டு இடத்திலும் நடந்தது. அங்கே மைக், இங்கே அச்சிட்ட பக்கம். புதுக்கவிதைக்குச் சந்தமில்லை, கம்பீரமில்லை என்று அன்று சொன்னவர்களின் குரலில்தான் நான் சென்ற ஆண்டு பேசியிருக்கிறேன்.

வங்கிக் கவுண்ட்டரில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நாள் முழுக்க உரக்கப் பேசுகிறவன் நான். உரக்கப் பேசுவதில் ஒரு சௌகரியம்: எதிரே இருப்பவர் யார் என்று பார்க்க வேண்டியதில்லை. ஒரே வாக்கியம் எல்லோருக்கும் போதும். தணிந்து பேசுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. யாரிடம் பேசுகிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் முணுமுணுப்பு. இன்று நம் கவிதைகளில் பல, குரலைத் தாழ்த்தியதையே சாதனையாக நினைத்து நின்றுவிடுகின்றன.

அந்தத் தொகுப்பை மறுபடி எடுத்து வாசித்தேன். பெரும்பாலான கவிதைகள் இன்னமும் முணுமுணுப்பாகவே படுகின்றன. ஆனால் இறந்துபோன அண்ணனிடம் பேசுகிற ஐந்து கவிதைகள் அப்படியல்ல. அவற்றை நான் குழாய் ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டிருக்கிறேன்.