தூரத்தை விட்டு ஆளைத் தேடிய கோல்கீப்பர்

ஹர்லிங்கில் கோல்கீப்பரின் அடியை ஒரு காலத்தில் தூரத்தைக் கொண்டே மெச்சினார்கள். அயர்லாந்தின் கார்க் அணிக்கு நெடுங்காலம் கோல் காத்த ஜெர் கன்னிங்ஹாம், கூலி மலைகளில் நடக்கும் ‘போக் ஃபாடா’ என்ற நெடுந்தூர அடிப் போட்டியை 1984 முதல் 1990 வரை தொடர்ந்து 7 முறை வென்றவர். அவருக்குப் பின் 1999-இல் அந்த இடத்துக்கு வந்த டோனல் ஓக் கியூசாக் பேர் வாங்கியதோ குட்டை அடிகளுக்காக.

ஹர்லிங்கில் அணிக்கு 15 பேர், ஆளுக்கொரு மட்டை, தோல் தைத்த சிறு பந்து. பந்து வலைக்குள் போனால் கோல். அதற்கு 3 புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி. எதிரணி புள்ளி எடுத்தாலும், பந்தை வெளியே அடித்தாலும், கோல்கீப்பர்தான் அதை மீண்டும் ஆட்டத்துக்குள் அடிக்க வேண்டும். இதுதான் ‘பக்அவுட்’. ஒரே ஆட்டத்தில் இது இருபது, முப்பது முறைகூட வரும். பந்தை உயர ஏற்றி நடுக்களத்தைத் தாண்டி அனுப்பினால், கீழே முட்டிமோதும் இருவரில் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

அந்தச் சூதாட்டம் கியூசாக்குக்குப் பிடிக்கவில்லை. ஆளில்லாமல் நிற்கும் பின்கள வீரரைத் தேடித் தாழ்வாக அடித்தார். ஓடிவரும் சகாவின் கைக்கு வாகாக அனுப்பினார். டோனல் ஓ'கிரேடி பயிற்றுவித்த காலத்தில் இது அணியின் ஆட்டமுறையாகவே வளர்ந்தது. டாம் கென்னி, ஜெரி ஓ'கானர் போன்ற ஓட்டக்காரர்கள் நடுக்களத்தில் இருந்ததும் அதற்குத் தோதாக அமைந்தது.

பலன் கோப்பைகளில் தெரிந்தது. அறிமுக ஆண்டான 1999-இல் 13-12 என்று கில்கென்னியை வென்ற தேசிய சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் கியூசாக் ஒரு கோலும் விடவில்லை. 2004 இறுதியில் அதே கில்கென்னி 9 புள்ளிகளோடு நின்றது. கார்க் எடுத்தது 17. அன்றும் வலைக்குள் பந்து போகவில்லை. 2005-இல் கால்வேயை வீழ்த்தி மூன்றாவது பதக்கம்.

2004, 2005 வெற்றிகளுக்கு முன்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. ஹர்லிங் வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. மருத்துவ வசதி, பயணச் செலவு போன்றவற்றுக்காக 2002 இறுதியில் கார்க் வீரர்கள் ஆட மறுத்தபோது முன்னணியில் நின்றவர்களில் கியூசாக்கும் ஒருவர். நிர்வாகம் இறங்கிவந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளும் கார்க் இறுதிப் போட்டியில் ஆடியது.

பலத்தைப் படித்தவர்கள் அதை முடக்கவும் கற்றார்கள். 2006 இறுதிப் போட்டியில், பிரையன் கோடி மேலாளராக இருந்த கில்கென்னி, கார்க்கின் பின்களத்துக்கு மூச்சுவிட இடம் தரவில்லை. குட்டை அடிக்கு ஆள் கிடைப்பது அரிதானது. 1-16க்கு 1-13 (கோல்-புள்ளி) என்று கார்க் தோற்றது; ஹாட்ரிக் கனவு கலைந்தது. ஆயினும் அந்த ஆண்டின் சிறந்த கோல்கீப்பராக ‘ஆல் ஸ்டார்’ விருதைப் பெற்றவர் கியூசாக்தான். 1999-க்குப் பிறகு அது அவருக்கு இரண்டாவது.

2009 அக்டோபரில், தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்பதைத் தன்வரலாற்று நூலின் வழியே வெளிப்படையாகச் சொன்னார். ஊர்ப்பற்றும் பழமையும் ஊறிய ஒரு விளையாட்டில், ஆடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சொல்லப் பெரும் துணிவு வேண்டும். அடுத்த ஆண்டும் கார்க்கின் கோல் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

2012-இல் குதிகால் தசைநாண் அறுந்தது. குணமாகி வந்தவரை 2013 அணியில் சேர்க்க மறுத்தவர் ஜிம்மி பேரி மர்பி. 1999-இல் வாய்ப்புக் கொடுத்த அதே மேலாளர். கியூசாக்கின் இடத்துக்கு வந்த ஆன்டனி நாஷ் நன்றாகவே ஆடினார் என்றாலும், கியூசாக் போன்ற ஒருவருக்கு அது உரிய வழியனுப்பு அல்ல. ஆனால் குறிபார்த்து அடிக்கும் அந்தப் பாணி அவரோடு போய்விடவில்லை.

2018-க்கும் 2023-க்கும் இடையே ஐந்து கோப்பைகளை அள்ளிய லிமெரிக்கின் தாக்குதல்களில் பல, கோல்கீப்பர் நிக்கி குவெய்டின் பக்அவுட்டில் தொடங்கியவை. இன்று கோல்கீப்பரை எடைபோடும்போது, தடுத்த பந்துகளோடு, அவர் அடித்ததில் எத்தனை சொந்த அணியிடம் சேர்ந்தது என்பதையும் எண்ணுகிறார்கள். இந்த இரண்டாவது கணக்குக்கு மதிப்பு தேடித் தந்தவர்களில் முதல் வரிசையில் கியூசாக்கை வைக்க வேண்டும்.