மதிலுக்கு உள்ளே, மதிலுக்கு வெளியே

காலியில் ஓட்டோக்காரரிடம் கேட்டாலும் ஜெய்ப்பூரில் ஓட்டோக்காரரிடம் கேட்டாலும், "நல்ல கடை எது?" என்ற கேள்விக்குப் பதில் ஒன்றுதான்: அவருக்குக் கொமிஷன் கொடுக்கிற கடை. அந்தக் கொமிஷன் கடைக்காரரின் பையிலிருந்து போவதில்லை, உங்கள் விலையில் ஏறிவிடுகிறது. இதைச் சுற்றி இரண்டு நாடுகளிலும் கதைகள் வளர்ந்திருக்கின்றன. கொழும்பில் "இன்றைக்கு மட்டும் பன்சலையில் யானைத் திருவிழா" என்று ஏற்றிக்கொண்டு போய் இரத்தினக்கல் கடை வாசலில் இறக்கிவிடுவார்கள். ஜெய்ப்பூரில் தேநீர் வாங்கிக் கொடுத்து, "இந்தக் கற்களை உங்கள் ஊருக்குக் கொண்டுபோய் எங்கள் ஆளிடம் கொடுத்தால் போதும், இலாபத்தில் பாதி உங்களுக்கு" என்பார்கள். இரண்டும் பழைய வித்தைகள். அவற்றைப் பற்றி எழுத இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எழுத வேண்டியது வேறு. இந்த இரண்டு ஊர்களும் வெளிப்பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி. இரண்டுக்கும் மதில் உண்டு. காலிக் கோட்டை 1988இலும் ஜெய்ப்பூர் 2019இலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. ஜெய்ப்பூர் இலக்கிய விழா 2006இல் தொடங்கியது, காலி இலக்கிய விழா 2007இல். பழைய வீடுகள் இரண்டிலும் விலை உயர்ந்த ஹோட்டல்களாகியிருக்கின்றன. இரண்டிலும் கல் விற்கிறார்கள், துணி விற்கிறார்கள், பழம்பொருள் விற்கிறார்கள். ஆனால் ஜெய்ப்பூரில் மதிலுக்கு உள்ளே வாங்கவேண்டும். காலியில் மதிலுக்கு வெளியே. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் பணத்தை விட்டவர்கள் நிறைய.

காரணம் ஊர் பிறந்த விதத்தில் இருக்கிறது. 1727இல் சவாய் ஜெய்சிங் ஆம்பேர் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கித் தலைநகரைக் கட்டியபோது, வித்யாதர் பட்டாச்சாரியா போட்டுக் கொடுத்த கட்டம் கட்டமான திட்டத்தில் கடைத்தெருக்கள்தான் முதுகெலும்பு. அகலமான தெருக்களின் இரு பக்கமும் ஒரே முகப்போடு கடை வரிசை. பின்னால் சந்துகளில் தொழிலாளர் வீடும் பட்டறையும். வணிகர்களையும் நகைக்காரர்களையும் மன்னரே அழைத்துக் குடியேற்றினார். சந்துகளின் பெயரைக் கேட்டாலே தொழில் தெரிந்துவிடும். திரிபோலியா பஜாரிலிருந்து பிரிகிற மணிஹாரோன் கா ராஸ்தாவில் இன்றும் அரக்கு வளையலைக் கரி நெருப்பில் காட்டி, உங்கள் கண்ணெதிரே மணிக்கட்டின் அளவுக்கு வளைத்துத் தருகிறார்கள். கஜானேவாலோன் கா ராஸ்தாவில் வெள்ளைப் பளிங்கில் தெய்வச் சிலைகள் பாதி முகத்தோடு வெளியே நிற்கும். கற்களுக்கு ஜோஹரி பஜாரும் அதை ஒட்டிய கோபால்ஜி கா ராஸ்தா, ஹல்தியோன் கா ராஸ்தா சந்துகளும். ரஜாய் என்கிற மெல்லிய பஞ்சுப் போர்வைக்கும் அந்தப் பக்கமே போகலாம். மோஜரிச் செருப்புக்கு பாபு பஜார், நேரு பஜார்.

முக்கியம் என்னவென்றால் அங்கே உங்களோடு முண்டியடிப்பவர்கள் பெரும்பாலும் ராஜஸ்தான்காரர்கள். கல்யாணத்துக்கு லெஹெங்கா எடுக்க வந்த குடும்பம், சேலைக்கு ஓரம் தைக்கக் கொடுக்க வந்த மாமியார், மொத்தமாக வாங்கிப் போகச் சிறு ஊரிலிருந்து வந்த வியாபாரி. பயணிக்கென்று ஒரு விலை சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா என்ன விலை கொடுக்கிறார் என்பது காதில் விழுந்துகொண்டே இருக்கும். அதைவிட நல்ல வழிகாட்டிப் புத்தகம் கிடையாது.

காலிக் கோட்டை சந்தையாகப் பிறக்கவில்லை. போர்த்துக்கேயர் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்த அது ஏற்றுமதிக்கான களஞ்சியம். பழைய வாசலின் உட்பக்கத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையும் 1669 என்ற ஆண்டும் சேவலோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்நாட்டில் உரித்த கறுவா அந்த வழியாகக் கப்பலுக்குப் போனது. ஊர் மக்கள் அரிசி, மீன் வாங்க அங்கே வரவேண்டிய தேவை இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் காலியில் தரித்துக் கரி ஏற்றிய காலத்தில்தான் சில்லறை வியாபாரம் சூடுபிடித்தது. கப்பல் தரித்ததும் சோனக வியாபாரிகள் படகில் போய்த் தளத்திலேயே கடை விரித்தார்கள்: நீலக்கல், ஆமையோட்டுச் சீப்பு, கருங்காலி யானை, ரேந்தை. சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்குவார்கள் என்று அந்தக் காலத்துப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். கொழும்பில் அலைதடுப்பு கட்டி 1880களில் கப்பல்கள் அங்கே திரும்பியதும் காலி தூங்கிப்போனது. அதை எழுப்பியதும் பயணிகள்தான். 2000களின் தொடக்கத்தில் வெளிநாட்டவர் கோட்டை வீடுகளை வாங்கத் தொடங்கினார்கள், முன்னறைகள் கடைகளாகின.

ஆகவே பெட்லர் வீதி, சேர்ச் வீதி, லெயின் பான் வீதி என்று நடந்தால் அழகுக்குக் குறைவில்லை. குளிரூட்டிய அறை, மங்கலான விளக்கு, டொலரில் விலைச்சீட்டு. உங்களோடு வாங்குகிறவரும் உங்களைப் போலவே ஊருக்குப் புதியவர். ஒப்பிட்டுப் பார்க்க உள்ளூர்க்காரி ஒருத்தி இல்லை. கோட்டைக்குள் குடியிருப்பவர்களே அரிசி பருப்புக்கு மதிலைத் தாண்டித்தான் போகிறார்கள். அங்கே பஸ் நிலையத்துக்கு அப்பால் மெயின் வீதியில் தூண்கள் தாங்கும் பழைய ஒல்லாந்தர் சந்தை, அதைச் சுற்றிப் பலசரக்குக் கடைகள், சாரம் விற்கும் துணிக்கடைகள். 2004 சுனாமியில் கோட்டை மதில் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. அடிபட்டது மதிலுக்கு வெளியே உள்ள இந்தப் பகுதிதான். இன்று அங்கே நிற்கும் கடைகளில் பல அதற்குப் பிறகு எழுந்தவை.

கறுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். காலி மாவட்டத்தின் எல்பிட்டிய, கரந்தெனிய பக்கம் உலகத்தின் நல்ல கறுவா விளைகிற நிலம். மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டிக் குழலாக்கியிருப்பார்கள்; கையால் நொறுக்கினால் உதிரும். கட்டியாக, ஒற்றை மடிப்பாக இருந்தால் அது வேறு நாட்டுப் பட்டை. கோட்டைக்குள் இதே குழலை நான்கு துண்டாக வெட்டி ரிபன் கட்டிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். மதிலுக்கு வெளியே பலசரக்குக் கடையில் நிறுத்து, கடதாசியில் சுற்றித் தருவார்கள். வாசனையில் வித்தியாசம் இல்லை. தேயிலைக்கும் இதுவே: பொதியில் தேயிலைச் சபையின் சிங்க முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். முழுக்க இலங்கைத் தேயிலையை இலங்கையிலேயே பொதி செய்தால்தான் அந்த முத்திரை கிடைக்கும். சுப்பர்மார்க்கெட் தட்டிலேயே அது இருக்கிறது.

இரத்தினக்கல்லில் கணக்கு சிக்கலாகிறது. இலங்கை தன் மண்ணில் தோண்டியதை விற்கிற நாடு. இரத்தினபுரியின் நீலக்கல்லும் வைடூரியமும் பேருவளைச் சந்தையில் கைமாறி, காலிக்கும் கண்டிக்கும் கொழும்புக்கும் வருகின்றன. ஜெய்ப்பூரின் பெருமை தோண்டுவதில் இல்லை, பட்டை தீட்டுவதில். சாம்பியாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் பட்டை தீட்டாத கல்லாக வரும் மரகதம் அங்கே வெட்டப்பட்டு உலகத்துக்குப் போகிறது. ஆக, காலியில் ஒரு கடைக்காரர் மரகதத்தையோ தான்சானைட்டையோ "எங்கள் நாட்டுக் கல்" என்று நீட்டினால் அந்த இடத்திலேயே எழுந்துவிடலாம். அவை இங்கே விளைவதில்லை. ஜெய்ப்பூரில் "சிலோன் நீலம்" என்று சொன்னால் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்காக ஜெய்ப்பூர் போகத் தேவையில்லை. அங்கே வாங்க வேண்டியது மரகதம், கார்னெட் போன்ற விலை குறைந்த கற்களில் கோத்த மாலை, குந்தன் வேலை, அதன் பின்பக்கத்து மீனாகாரி எனாமல்.

இலங்கைக் கல்லில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சூடாக்கியதா? கெவுட என்று சொல்லப்படும் பால்நிறக் கல்லை ஒரு காலத்தில் இங்கே மலிவாகத் தள்ளிவிட்டார்கள். 1970களில் தாய்லாந்துக்காரர் அதை வாங்கிப்போய் உலையில் வைத்து நீலமாக்கி விற்றார்கள். பிறகு நாமும் கற்றுக்கொண்டோம். சூடாக்குவது மோசடி இல்லை, சொல்லாமல் விற்பதுதான் மோசடி. சூடு காணாத கல்லுக்கு விலை பல மடங்கு. கடை தானே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ் கடையின் விளம்பர அட்டைக்குச் சமம். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் கல்லைக் காட்டிச் சோதிக்கலாம். ஜெய்ப்பூரிலும் நகை ஏற்றுமதிக் கவுன்சிலின் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. "சோதித்துக்கொண்டு வந்து பணம் தருகிறேன்" என்று சொல்லும்போது கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பது பாதிச் சோதனை.

கடைக்கு முன் ஒரு "செய்முறை" காட்டுவதில் இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதியது போலிருக்கும். ஆம்பேர் கோட்டைப் பாதையில் வாகனத்தை நிறுத்தி, ஒருவர் நான்கு அச்சுக்கட்டைகளை அடுத்தடுத்து ஒற்றி ஒரு நிமிடத்தில் வண்ண யானை வரவழைப்பார். கைதட்டி முடிப்பதற்குள் மாடிக்குக் கம்பளக் கடை. காலிக்கு வடக்கே மீட்டியாகொடையில் சந்திரகாந்தக்கல் சுரங்கம்: ஒரு குழி, தண்ணீர் இறைக்கும் ஆள், கூடையில் மண் கழுவும் ஆள், சாணை பிடிக்கும் ஆள், பிறகு கண்ணாடிப் பெட்டிகள். சுரங்கம் பொய்யல்ல, நீலச் சாயலோடு மின்னும் அந்தக் கல்லுக்கு அந்த ஊர் உண்மையிலேயே பேர்பெற்றது. ஆனால் பழைய படிவு பெருமளவு தீர்ந்துபோன பின் குழியை விடப் பெட்டிதான் பெரிதாகிவிட்டது.

ஜெய்ப்பூரில் உண்மையான செய்முறையைப் பார்க்க வழி உண்டு. தெற்கே விமான நிலையத்தை ஒட்டிய சாங்கானேரில் வெள்ளைத் தரையில் சின்னப் பூக்கள். அஜ்மீர்ப் பாதையில் பக்ருவில் மண்ணைத் தடுப்பாகப் பூசி இயற்கைச் சாயத்தில் முக்கும் தாபு வேலை. அங்கே சீப்பா சமூகத்தார் மேசைக்கு மேசை அச்சு ஒற்றிக்கொண்டிருப்பார்கள். யாரும் கைதட்டச் சொல்வதில்லை. பஜாரில் கட்டை அச்சு என்று விற்பதில் ஒரு பகுதி ஸ்கிரீன் அச்சு. கோடு எல்லா இடத்திலும் பிசிறில்லாமல் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள். கை ஒற்றினால் எங்காவது ஒரு மயிரிழை விலகும்.

இலங்கையில் துணிக்கு அப்படி ஒரு பட்டறை ஊர் பயணியின் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அந்த இடத்தை பார்பரா சன்சோனி 1960களில் தொடங்கிய பெயார்ஃபுட் நிரப்புகிறது. கிராமத்துப் பெண்கள் நெய்யும் கைத்தறி, கண்ணைப் பறிக்கிற வண்ணங்கள், நிலையான விலை. மலிவில்லை, ஆனால் ஏமாற்றமும் இல்லை. கோட்டைக்குள் என் விதிக்கு அது ஒரு விலக்கு. ஜெய்ப்பூரில் 1970இல் தொடங்கிய அனோக்கி அதன் மறுபாதி மாதிரி. காலியின் சொந்தக் கைவேலை என்றால் பீரலு ரேந்தை. உருளைத் தலையணையில் ஊசி குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. போர்த்துக்கேயர் விட்டுப்போனது என்பார்கள். காலிக்கும் வெலிகமவுக்கும் இடையே வயதான பெண்கள் இன்னும் செய்கிறார்கள். இதில் பேரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு முழத்துக்கு எத்தனை நாள் போகிறது என்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அரசுக் கடைகள் இரண்டு பக்கமும் உண்டு. இங்கே லக்சல, அங்கே மிர்சா இஸ்மாயில் சாலையில் ராஜஸ்தலி. இரண்டிலும் விற்பனையாளர் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டார், சில வேளை கவனிக்கவே மாட்டார். முதல் நாளே போய் விலைகளை மனதில் எழுதிக்கொண்டு வெளியேறுவதற்கு இவை உத்தமம்.

பேரத்தின் தொனி வேறு. ஜோஹரி பஜாரில் வெள்ளை விரிப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரவேண்டும். "ஆயியே பெஹன்ஜி" (வாருங்கள் சகோதரி) என்று தேநீர் வரும், துணி மலை மலையாக விரியும், விலை மூன்றாவது தேநீருக்குப் பிறகு. எழுந்து போவதும் ஆட்டத்தின் பகுதி, கூப்பிடுவார்கள். காலியில் எழுந்து போனால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். முகம் மட்டும் கறுக்கும். ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. கோட்டைக்குள் வாழும் முஸ்லிம் குடும்பங்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். "நானா, இது எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். கல்குலேட்டரில் டொலர் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்று, "எந்த ஊர் மகள்?" என்ற விசாரணை தொடங்கும். விலை கட்டாயம் இறங்கும் என்று சொல்லமாட்டேன். கல் சூடாக்கியதா என்ற கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

கடைசியாகப் பழம்பொருள். காலியில் ஒல்லாந்தர் காலத்துத் தட்டு, பித்தளை விளக்கு, அலமாரி. ஜெய்ப்பூரில் சிற்றோவியம், வெள்ளிப் பெட்டி, பழைய கதவு. இரண்டு ஊரிலும் நேற்றுச் செய்ததை அமிலத்திலும் புகையிலும் போட்டு முதுமையாக்கத் தெரியும். சட்டம் மட்டும் வேறு. இலங்கையில் ஐம்பது வருடத்தைத் தாண்டியதைப் பழம்பொருளாகக் கருதுவார்கள், அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லை நூறு வருடம், கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து. அதைத் தாண்டியதைத் தனியார் ஏற்றுமதி செய்யவே கூடாது. ஆகையால் "நூற்றைம்பது வருடப் பழசு, அரண்மனையிலிருந்து வந்தது" என்று ஜெய்ப்பூர்க் கடைக்காரர் சத்தியம் செய்தால், வயதைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பம் போடச் சொல்லுங்கள். அநேகமாக "கைவினைப் பொருள், புதியது" என்றே எழுதித் தருவார். விலையையும் அதற்கேற்ப அங்கேயே பேசிவிடலாம்.